கடலோர வண்டிகளில் சார்ஜிங் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை ஓடுகிற மோட்டார் சைக்கிள்களுக்கான பக்கம் இது. ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாதது, அளவுக்கு மிஞ்சி ஏறுவது, நிறுத்தி வைத்தால் இறங்கிப்போவது ஆகிய மூன்றையும் வீட்டு வாசலிலேயே வைத்துக் கண்டுபிடிக்கும் வழி இதில் இருக்கிறது. மதுரை வண்டிக்கும் மண்டபம் வண்டிக்கும் மின்சாரம் ஒன்றுதான். ஆனால் அங்கே கடைசியாகப் பார்க்கும் கப்ளரையும் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் பொருத்தி) எர்த்தையும் (பேட்டரி நெகட்டிவை இன்ஜின், சேஸோடு சேர்க்கும் இணைப்பு) ஒயர் முனையையும் இங்கே முதலில் பார்க்க வேண்டும்.

சார்ஜிங் என்றால் வண்டியில் என்னென்ன சேர்த்தி?

இன்ஜின் பக்கவாட்டு மூடிக்குள் காயில் பிளேட், அதாவது செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். அதைச் சுற்றி மேக்னட் சுழலும்போது காயிலில் ஏசி மின்சாரம் பிறக்கும். அது ஆர்ஆர் யூனிட்டுக்கு (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) போகும். கூலிங் விசிறி மாதிரி வரிவரியாக வார்த்த அலுமினியக் கட்டிதான் ஆர்ஆர் யூனிட். ஏசியை டிசியாக மாற்றுவது, 14 வோல்ட்டைச் சுற்றியே கட்டிப்போடுவது என்று அதற்கு இரண்டு வேலை. அங்கிருந்து ஃப்யூஸ் வழியாகப் பேட்டரிக்கு.

புத்தகத்தில் படம் இத்தோடு முடிந்துவிடும். நம் ஊரில் இன்னொரு பாகத்தையும் சேர்த்தே எண்ணுங்கள்: இவற்றை இணைக்கும் ஐந்தாறு கப்ளர்களும் இரண்டு மூன்று எர்த் போல்ட்டுகளும்.

என்னென்ன கருவி வேண்டும்?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, டெஸ்ட் லாம்ப் ஒன்று. டெஸ்ட் லாம்ப்பை நீங்களே செய்துகொள்ளலாம்: பிரேக் லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப், ஹோல்டர், இரண்டு முழ ஒயர், இரண்டு முதலை கிளிப். இண்டிகேட்டருக்குள் இருக்கும் சின்ன பல்ப் போதாது, 21 வாட்டே வேண்டும். காரணம் கீழே வருகிறது. இவை போக 10 நம்பர் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ்.

காலையில் செல்ஃப் அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம்தான் வருகிறது. பேட்டரியை மாற்றிவிடவா?

பொறுங்கள். அந்தச் சத்தம் ஸ்டார்ட்டர் ரிலே போடுவது. ரிலேவை இழுக்க மின்சாரம் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றப் போதவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். பேட்டரி காலியாக இருக்கலாம், டெர்மினல் லூஸாக இருக்கலாம், இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர் களிம்பு பிடித்திருக்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு கம்பியையும் பேட்டரியின் ஈய முனைகள்மீதே தொட்டுக்கொண்டு செல்ஃப் அமுக்கி, எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கத்துக் கம்பியை ஈய முனையிலிருந்து எடுத்து, அந்த முனையில் இறுக்கியிருக்கும் ஒயரின் நுனியில் தொட்டு மறுபடி அமுக்குங்கள். இரண்டு அளவுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு பேட்டரிக்குள் இல்லை, அந்த இணைப்பில் இருக்கிறது. கழற்றி, சுரண்டி, இறுக்கினால் வண்டி எடுக்கும்.

பேட்டரி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

வண்டியை நிறுத்தி நாலைந்து மணி நேரம் கழித்து அளங்கள். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8க்குக் கீழே காலி. சரியாக 10.5ஐ ஒட்டி நின்றால் ஒரு செல் செத்திருக்கிறது. ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் என்பதால் ஒன்று போனால் மீதி அவ்வளவுதான். அந்தப் பேட்டரி சார்ஜரில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் தேறாது.

அடுத்து பளு. செல்ஃபை மூன்று விநாடி அமுக்கும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. 9.6 எல்லைக்கோடு. சும்மா இருக்கும்போது 12.7 காட்டிவிட்டு செல்ஃப் அமுக்கியதும் 6, 7 என்று விழுந்தால், ஈய முனையிலேயே அளந்திருக்கும் பட்சத்தில், உள்ளே தகடு போய்விட்டது. 12.2க்குக் கீழே இருக்கும் பேட்டரியைப் பளுவில் சோதித்துப் பயனில்லை. முதலில் வெளிச் சார்ஜரில் நிரப்புங்கள். ஆம்ப்-அவரில் பத்தில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும். 4 ஆம்ப்-அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்ப். கார் பேட்டரிக்குக் கொடுக்கிற வேகத்தில் கொடுத்தால் சின்னப் பேட்டரி வீங்கிவிடும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது எப்படி?

நிறைந்த பேட்டரியோடு வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, மீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். ஐடிலில் 12.8 முதல் 13.5 வரை இருக்கும். ஆர்பிஎம் முள் உள்ள வண்டியில் 4000 வரை ரேஸ் கொடுங்கள், இல்லாத வண்டியில் சத்தம் நடுத்தர வேகத்துக்கு வரும்வரை மெல்ல முறுக்குங்கள். 13.8 முதல் 14.8க்குள் போய் அங்கேயே நிற்க வேண்டும். ஹெட்லைட்டை ஹையில் போட்டு மறுபடி பாருங்கள். 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது.

ரேஸ் கொடுத்தும் 12.5லேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது. சிலர் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, ஆகவே சார்ஜ் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டுவார்கள். இதை ஒருக்காலும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். தாங்கிப்பிடிக்கப் பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி, ஆர்ஆர் யூனிட்டையும் இசியுவையும் (வண்டியின் கம்ப்யூட்டர்) பல்புகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும்.

சார்ஜ் ஏறவில்லை. காயிலா, ஆர்ஆர் யூனிட்டா, எதை முதலில் மாற்ற வேண்டும்?

இரண்டையும் வாங்காதீர்கள். முதலில் வழியில் எங்கே வோல்டேஜ் தொலைகிறது என்று பாருங்கள். பொருள் வாங்காமலே பாதி வண்டிகள் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

இன்ஜினை 4000 ஆர்பிஎம்மில் வைக்க ஒருவரை உட்கார வையுங்கள், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் சிவப்பு முனையை ஆர்ஆர் யூனிட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில், கப்ளரைக் கழற்றாமலே பின்பக்கமாகச் செருகுங்கள். குண்டூசி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எளிது. கறுப்பு முனை பேட்டரி பாசிட்டிவில். இப்போது மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலையும் வோல்டேஜ். 0.2க்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் நடுவில் உள்ள கப்ளரோ ஃப்யூஸ் ஹோல்டரோ கெட்டிருக்கிறது.

பிறகு எர்த் பக்கம். சிவப்பு முனை ஆர்ஆர் யூனிட்டின் எர்த் ஒயரில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். இங்கேயும் 0.2க்குள் இருக்க வேண்டும். சேஸில் பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டைப் பூட்டி, அதன் அடியில் துரு ஏறியிருந்தால் இங்கே ஒரு வோல்ட் வரைகூடக் காட்டும். போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் சேஸையும் உப்புத்தாளால் மின்னும்வரை தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். வரிசை மாறக் கூடாது. கிரீஸைத் தடவிவிட்டு இறுக்குகிறவர்கள் அதிகம். உலோகம் உலோகத்தைத் தொட்டு இறுகிய பிறகுதான் கிரீஸ்.

உப்புக் காற்று அவ்வளவு கெடுதல் செய்யுமா? வண்டி கடலுக்குள் போவதே இல்லையே?

கடல் உங்கள் வண்டியைத் தேடி வருகிறது. ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத்து அலைத் துளி காற்றோடு ஊருக்குள் வரும். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பினால் பாக் நீரிணைப் பக்கத்திலிருந்து அதே வேலை நடக்கும். மண்டபமும் பாம்பனும் இரண்டு கடலுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு காற்றும் அங்கே படும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத் தூளும் சேர்ந்துகொள்ளும்.

காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோற்றுப்பு ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே கப்ளருக்குள் படிந்த உப்பு, இரவு முழுக்க நனைந்தே கிடக்கிறது. ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்து பின்களில் ஒன்றில் பாசிட்டிவும் மற்றதில் எர்த்தும் இருந்தால் நடுவில் மெல்லிய ஓட்டம் நடந்துகொண்டே இருக்கும். அதில் பாசிட்டிவ் பின்தான் கரையும். கப்ளரைப் பிரித்தால் ஒரு பின் மட்டும் பச்சைக் களிம்பு பூத்து மெலிந்திருப்பதும் பக்கத்துப் பின் பளிச்சென்று இருப்பதும் இதனால்தான்.

களிம்பு வந்தால் அந்த இடத்தில் தடை ஏறும். கணக்கு போடுங்கள். 0.2 ஓம் தடை, 8 ஆம்ப் ஓட்டம். 1.6 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆர்ஆர் யூனிட் 14.4 அனுப்பினால் பேட்டரிக்கு 12.8தான் போய்ச் சேரும். அதோடு 12.8 வாட் வெப்பம், விரல் நகம் அளவு பிளாஸ்டிக்குக்குள். கப்ளர் உருகுவதற்கு அது போதும்.

காயில் கப்ளர் கருகியிருக்கிறது. வெட்டிவிட்டு நேரடியாக முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது. முறுக்கிய இடத்தில் உப்பு ஏறும், ஆறு மாதத்தில் டேப்புக்குள்ளேயே மறுபடி கருகும். டேப்பின் பசை வெயிலில் இளகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும்.

கருகிய கப்ளரை வெட்டியபின் ஒயரின் ரப்பரைச் சீவிப் பாருங்கள். செம்பு மின்ன வேண்டும். கறுத்திருந்தால் இன்னும் இரண்டு விரற்கடை பின்னே போய் வெட்டுங்கள்; அதுவும் கறுப்பென்றால் இன்னும் பின்னே. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். மின்னும் செம்பு கிடைத்ததும் ஈரம் புகாத ரப்பர் சீல் வைத்த புதுக் கப்ளர் போடுவது முதல் தரம். அது கிடைக்காவிட்டால் ஒயர்களைச் சேர்த்து ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். சுருங்கும்போது இரண்டு ஓரத்திலும் பசை ஒரு துளி பிதுங்கி வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் அடைபட்டதாகக் கணக்கு. மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் சேர்க்காமல் ஒன்றுக்கு ஒன்று தள்ளிச் சேருங்கள். ஸ்லீவை ஈயம் வைக்கும் முன்பே ஒயரில் கோத்துவிட மறக்காதீர்கள்.

நீளம் போதாமல் ஒட்டு ஒயர் தேவைப்பட்டால் வண்டிக்கான பல இழை ஒயர் வாங்குங்கள், 2 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி அதிர்வில் முறிந்துபோகும்.

மீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் ஹாரனும் அடிப்பதில்லை, பல்பும் எரிவதில்லை. எப்படி?

டெஸ்ட் லாம்ப் 21 வாட் வேண்டும் என்றது இதற்குத்தான். ஒரு ஒயருக்குள் இருபது இழை இருக்கும். உப்பு உள்ளே ஊறி பத்தொன்பது இழை பொடிந்து, ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 காட்டும். மீட்டருக்கு வேண்டிய ஓட்டம் அவ்வளவு சொற்பம். அதே இடத்தில் 21 வாட் பல்பைத் தொடுங்கள். ஏறக்குறைய இரண்டு ஆம்ப் கேட்கும், அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது. பல்ப் மங்கும் அல்லது எரியவே எரியாது. அந்த ஒயரை விரலால் வளைத்துப் பாருங்கள். நல்ல ஒயர் மெத்தென்று வளையும், பொடிந்த ஒயர் மொறமொறப்பாக இருக்கும், சில இடத்தில் ரப்பர் தானாக மெலிந்து ஒடுங்கியிருக்கும். அந்த இடத்தை வெட்டி மாற்றுங்கள்.

காயிலைக் கழற்றாமல் சோதிக்க முடியுமா?

முடியும். மூன்று மஞ்சள் ஒயர் வரும் வண்டிகளில் அந்தக் கப்ளரைக் கழற்றுங்கள். நிறம் வேறாக இருந்தாலும் இன்ஜினிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று வந்தால் அதுதான். இன்ஜின் ஓடாதபோது மீட்டரை ஓமில் வைத்து ஒவ்வொரு ஒயரையும் இன்ஜின் உடலோடு அளங்கள். ஓஎல், அதாவது தொடர்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஏதாவது எண் காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும்.

பிறகு ஸ்டார்ட் செய்து மீட்டரை ஏசி 200ல் வைத்து இரண்டிரண்டாக அளங்கள்: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும். 4000 ஆர்பிஎம்மில் 40 முதல் 70 வரை வரும். வண்டிக்கு வண்டி மாறும். எண்ணைவிட முக்கியம், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. மூன்றில் ஒன்றோ இரண்டோ மற்றதைவிட வெகுவாகக் குறைந்தால் ஒரு சுற்று கருகியிருக்கிறது. வெறுங்கையால் முனைகளைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

காயிலுக்குள் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டதை ஓம் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். காயிலின் தடையே ஒரு ஓமுக்கும் குறைவு. மீட்டர் ஒயரின் சொந்தத் தடை 0.2, 0.3 ஓம் இருக்கும். அந்த இடத்தில் ஓடவிட்டு ஏசி அளப்பதுதான் நம்பகம்.

ரீவைண்டிங், அதாவது பழைய காயிலுக்குப் புதுக் கம்பி சுற்றுவது, செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: அதே தடிமன் கம்பி, அதே சுற்று எண்ணிக்கை, சூடு தாங்கும் வார்னிஷ், மூன்றும் உறுதியென்றால் செய்யலாம். காயில் எண்ணெயில் நனையும் இன்ஜின்களில் ஆயில் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஆயில்தான் காயிலைக் குளிர்விக்கிறது.

ஆர்ஆர் யூனிட்டை எப்படிச் சோதிப்பது?

மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள்தான் உள்ளே இருப்பவை. மீட்டரை டயோடு குறியில் வையுங்கள், யூனிட் வண்டியிலிருந்து கழன்றிருக்க வேண்டும். சிவப்பு முனையை ஒவ்வொரு மஞ்சள் பின்னிலும் கறுப்பு முனையைப் பாசிட்டிவ் வெளியீட்டிலும் வைத்தால் 0.4 முதல் 0.7 வரை காட்டும். மாற்றி வைத்தால் ஓஎல். எர்த் பின்னில் சிவப்பும் மஞ்சளில் கறுப்பும் வைத்தால் மறுபடி 0.4 முதல் 0.7, மாற்றினால் ஓஎல். இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டினால் டயோடு ஷார்ட். சில வகை யூனிட்டுகளில் இந்தச் சோதனை முழுசாகப் பேசாது. ஆகவே காயில் சரி, பாதையில் தொலைவது 0.2க்குள், அப்படியும் பேட்டரியில் 13 ஏறவில்லை என்றால் யூனிட்தான் குற்றவாளி.

வாங்கும்போது வண்டி மாடலைச் சொல்லி வாங்குங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டி யூனிட்டைப் போட்டால் பின் வரிசை மாறியிருக்கும்.

ஆர்ஆர் யூனிட் மாற்றி மாற்றிப் போடுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒன்று போகிறது. ஏன்?

சூடு. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஷன்ட் வகை. பேட்டரிக்கு வேண்டாத மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிச் சூடாக்கிக் கழிப்பதுதான் அதன் வேலை முறை. அந்தச் சூடு வெளியேற அலுமினிய வரிகளில் காற்றுப் பட வேண்டும். நம் வண்டிகளில் அந்த வரிகளுக்குள் மணலும் உப்பும் மீன் செதிலும் சேர்ந்து காரை பூசியது மாதிரி அடைத்துக் கிடக்கும். பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். யூனிட்டைப் பூட்டும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள், சூடு சேஸுக்கு இறங்கும் வழி அது.

இன்னொரு காரணம், உள்ளே போகும் மஞ்சள் கப்ளரின் கருகிய பின். அதைச் சரிசெய்யாமல் யூனிட்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

15 வோல்ட்டுக்கு மேல் போகிறது. என்ன ஆபத்து?

பேட்டரி கொதிக்கும், பக்கம் வீங்கும், அழுகிய முட்டை வாடை வரும். பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் ஆகும். வெளியேறும் வாயு தீப்பிடிக்கக்கூடியது, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பெரும்பாலும் யூனிட் கெட்டதுதான் காரணம். ஆனால் சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜைப் பார்த்துக்கொள்ள யூனிட்டுக்குச் சாவி வழியாகத் தனி ஒயர் ஒன்று வரும். சாவி சுவிட்ச்சில் களிம்பு இருந்தால் அந்த ஒயரில் வோல்டேஜ் குறைந்து தெரியும். 'இன்னும் பற்றவில்லை' என்று யூனிட் கூடுதலாகத் தள்ளும். யூனிட் வாங்கும் முன் அந்த ஒயரையும் பேட்டரி முனையையும் ஒப்பிட்டு அளந்துவிடுங்கள்.

இரவு நன்றாக இருந்த பேட்டரி, இரண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது.

சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் வையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அமுக்கவோ கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். சாதாரண வண்டியில் ஒன்றிரண்டு மில்லிஆம்ப், கடிகாரமும் இசியுவும் உள்ள வண்டியில் அதைவிடச் சற்றுக் கூட. 20 மில்லிஆம்ப் என்றால் நாளுக்கு 0.48 ஆம்ப்-அவர், 4 ஆம்ப்-அவர் பேட்டரி நாலே நாளில் பாதியாகிவிடும்.

கூடுதலாகக் காட்டினால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். முதலில் வெளியில் போட்டவை: ஜிபிஎஸ், அலாரம், யுஎஸ்பி சார்ஜர். அடுத்து ஆர்ஆர் யூனிட் கப்ளர். அதைக் கழற்றியதும் எண் விழுந்தால் டயோடு கசிகிறது. அதன் பிறகும் இருந்தால் சாவி சுவிட்ச்சும் கப்ளர்களில் ஊறிய உப்பும். மழை பெய்த மறுநாள் மட்டும் இறங்குகிற வண்டியில் உப்பையே முதலில் சந்தேகியுங்கள்.

பின்னால் மீன் பெட்டி கட்டுகிற வண்டி. அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். ஐஸ் உருகி வடியும் தண்ணீர் மீன் ரத்தமும் உப்பும் கலந்தது. அது சீட்டுக்கு அடியிலும் பின் மட்கார்ட் ஒயரிங்கிலும் போய்ச் சேருகிறது. காற்றில் வரும் உப்பு ஒரு வருடத்தில் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்யும். பெட்டியின் அடியில் ஒரு துளையிட்டு, ரப்பர் குழாயைச் சொருகி, சக்கர அச்சுக்குக் கீழே வரை இறக்கிவிடுங்கள். செயினிலும் பிரேக்கிலும் படாத பக்கமாக இறக்க வேண்டும். பின் விளக்கு, இண்டிகேட்டர் கப்ளர்களை மாதம் ஒருமுறை பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, சிலிகான் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். பேட்டரி டெர்மினலுக்கு வாசலின் போதும்.

வாட்டர் சர்வீஸ் செய்தால் உப்பு போய்விடும் அல்லவா?

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. கடலோரத்தில் பல ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. அதை அழுத்தமாகப் பீய்ச்சினால் வெளியே இருந்த உப்பு கப்ளருக்குள் போகும். சோப்புக்கு எந்தத் தண்ணீரும் இருக்கட்டும், கடைசி இரண்டு குடம் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். பிரஷரை ஆர்ஆர் யூனிட், சாவி, ஹேண்டில் சுவிட்ச் பக்கம் காட்டாதீர்கள். கழுவியதும் இருபது நிமிடம் ஓட்டிக் காயவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்குக் காவிரித் தண்ணீரும் ஆகாது, டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் அலை வண்டிமேல் அடித்துவிட்டது.

அன்றைக்கே கழுவ வேண்டும், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். சாவியை எடுத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று பேட்டரியைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் சேஸில் பட்டுப் பொறி பறக்கும். தாராளமாக நல்ல தண்ணீர் ஊற்றி, நனைந்த கப்ளர்களைப் பிரித்துத் தனியே அலசி, முழுசாகக் காய்ந்தபின் கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது.

அது ஆசிட் வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பசோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக் கழன்றுவிடும். பேட்டரி மூடித் துளைக்குள் சோடா தண்ணீர் போகக் கூடாது.

வீட்டிலிருந்து துறைக்கு இரண்டே கிலோமீட்டர். அடிக்கடி செல்ஃப் அடிப்பதால் பேட்டரி இறங்குகிறதா?

செல்ஃபைக் குறை சொல்ல வேண்டாம். 60 ஆம்ப் வீதம் மூன்று விநாடி இழுத்தாலும் செலவு 0.05 ஆம்ப்-அவர்தான். ஒரு ஆம்ப் சார்ஜ் ஏறினால் நாலைந்து நிமிட ஓட்டத்தில் திரும்பிவிடும். தின்பது ஐடிலில் நிற்கும் நேரம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். 35 வாட் ஹாலஜன் என்றால் கிட்டத்தட்ட 3 ஆம்ப். ஐடிலில் சின்ன வண்டியின் காயில் அதை ஈடுகட்டவே திணறும். அதன்மேல் 20 வாட் ஃபாக் லைட் இரண்டு மாட்டினால் இன்னொரு 3 ஆம்ப். மாட்டியே ஆக வேண்டும் என்றால் ரிலே, தனி ஃப்யூஸ், தனி சுவிட்ச் வைத்து மாட்டி, ஓடும்போது மட்டும் போடுங்கள்.

பழைய 100 சிசி வண்டி. ரேஸ் கொடுத்தால் ஹெட்லைட் பல்ப் அடிக்கடி போகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது.

அந்த வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, காயிலிலிருந்து நேரே ஏசியில் எரிகிறது. ஹீரோ, ஹோண்டா வகையில் மஞ்சள் ஒயர் விளக்குக்கு, வெள்ளை சார்ஜுக்கு, சிவப்பு பேட்டரிக்கு, பச்சை எர்த். பச்சை ஒயர் எர்த் போல்ட்டில் களிம்பு ஏறினால் யூனிட்டால் ஏசியைக் கட்டுப்படுத்த முடியாது, ரேஸுக்கு ஏற்ப வோல்டேஜ் எகிறி பல்ப் போகும். பச்சையைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு பல்ப் வாங்குங்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. பெரிய ஃப்யூஸ் போடலாமா?

கூடாது. சிகரெட் தாள் சுற்றவும் கூடாது. சிவப்பு 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20. கம்பெனி போட்ட நிறத்தையே போடுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது போனால் ஹெட்ஸ்டாக்கில், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில், உரசும் ஒயரைப் பாருங்கள்.

கீழக்கரை வண்டி. ஒரு வருடம் வெளிநாட்டில் இருப்பேன். எப்படி நிறுத்துவது?

பேட்டரியை நிறைத்து, கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்கு இறங்கினால் வெளிச் சார்ஜர் போட வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அதற்குக் கீழே பல வாரம் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகி, திரும்ப வராது. வெயில் ஏற ஏற தானாக இறங்குவதும் வேகமாகும். வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்தாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். காற்றுப் புகும் துணி உறை நல்லது.

பாம்பன் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது, கையில் கருவி எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஓரமாகத் தள்ளி, பாலத்தைத் தாண்டி நிறுத்துங்கள். சீட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் அசையுங்கள். ஆடினால் இறுக்குவதற்கு ஒரு நாணயமே போதும். ஃப்யூஸைப் பாருங்கள், ஹோல்டருக்குள்ளேயே மாற்று ஃப்யூஸ் ஒன்று இருக்கும். காயில் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால், ஆறியபின் கழற்றி இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள், களிம்பு உரசிப் போய் வீடு வரை ஓடும். கார்புரேட்டர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். 2020க்குப் பிறகு வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் ஓடுவதற்கே பேட்டரியில் கொஞ்சம் உயிர் வேண்டும். சாவி போட்டதும் டேங்க்கில் 'ஊங்' என்ற சத்தம் கேட்டால் தள்ளிப் பார்க்கலாம், கேட்காவிட்டால் தள்ளி மூச்சை வீணாக்காதீர்கள். இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து ஒயர் போட்டு எடுக்கலாம்: பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் முதலில், நெகட்டிவை உங்கள் வண்டியின் இன்ஜின் உடலில் கடைசியாக. கொடுப்பது கார் என்றால் அதன் இன்ஜின் அணைந்திருக்கட்டும்.